வறண்ட கடற்கரைத் தோட்டத்திற்கு எடுப்பான செடிகள்

குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. எஞ்சிய காலத்தில் வறட்சியும் உப்புக்காற்றுமே மிகுதி. குளிர்காலமோ கடுமையற்றது, கடலோரத்தில் உறைபனி அரிது. இத்தகைய இடத்தில் மென்மையான பூச்செடிகளைப் பேணுதல் கடினம். ஆதலின், மலரைக் காட்டிலும் வடிவத்தால் சிறந்து, ஆண்டு முழுவதும் எடுப்பாக விளங்கும் செடிகளைத் தேர்தலே தக்கதாகும்.

இவற்றுள் முதலாவது, மெக்ஸிகோ நாட்டிலிருந்து பரவிய ஆனைக்கற்றாழை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. இதுவோ இரவின் குளிர்ச்சியில் அவ்வாயுவை ஏற்று, அமிலமாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதனின்று உணவு தயாரிக்கிறது. எனவே நீரிழப்பு மிகக் குறைவு. பல்லாண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, இது மடியும். அடியில் தோன்றும் பக்கக்கன்றுகள் அதன் இடத்தை நிரப்பும்.

உயர்ந்த வடிவம் வேண்டுவோர் டையூவில் காணப்படும் ஹோக்கா பனையை நோக்கலாம். பனைக்குடும்ப மரங்களில் பெரும்பாலானவை கிளைப்பதில்லை. இதன் தண்டோ இரண்டிரண்டாகக் கவைத்து மேலே செல்கிறது. ஏற்கெனவே நிற்கும் மரமொன்றைக் காத்து, அதனைச் சுற்றித் தோட்டம் அமைப்பதே சிறந்த வழி.

எனினும், அழகு ஒன்றே அளவுகோல் ஆகாது. ஆனைக்கற்றாழையின் இலை ஒன்றரை மீட்டருக்கு மேலும் நீளும். நுனியில் கூரிய முள் உண்டு. ஆகவே நடைபாதையிலிருந்து மூன்று மீட்டரேனும் தள்ளி நடுதல் வேண்டும். திருகுகள்ளி உருவில் கவர்ச்சியுடையதாயினும், அதன் பால் கண்ணிற் பட்டால் கடும் வேதனை உண்டாகும், பார்வையும் மங்கக்கூடும். பள்ளித் தோட்டங்களில் அதனை விலக்குதலே நன்று. பால் பட்டுவிட்டால், கண்ணை மிகுந்த நீரால் உடனே கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பரவும் இயல்பையும் ஆராய்தல் இன்றியமையாதது. சப்பாத்திக்கள்ளியின் ஒடிந்த துண்டு வீழ்ந்த இடத்திலேயே வேர்விடும். தென்னிந்திய நிலங்களில் அது கட்டுக்கடங்காது பரவியதால், அதனை உண்டு அழிக்கும் கோச்சினீல் பூச்சி வகையொன்றை 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணர நேர்ந்தது. ஆனைக்கற்றாழையின் மிகையான பக்கக்கன்றுகளையும் ஆண்டுதோறும் அகற்றி உலர்த்திவிட வேண்டும். வேலிக்கு வெளியே எறிதல் கூடாது.

மழை தொடங்கும் பருவத்தில், நீர் தேங்காத மேட்டில் நடுக. சிறு தோட்டத்திற்கு இத்தகைய செடிகள் இரண்டோ மூன்றோ போதும்.