உங்களுக்குத் தெரியுமா? பார்வை திரும்புமா என்பதை விழித்திரையே சொல்லும்!

● பிட்யூட்டரி சுரப்பியின் எடை ஏறத்தாழ அரை கிராம்தான். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. அதற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் சந்திக்கின்றன. சுரப்பியில் வரும் கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்தச் சந்திப்பில்தான் போய் முட்டும்.

● பக்கவாட்டுக் காட்சியைச் சுமக்கும் இழைகள் அங்கேதான் குறுக்கே கடக்கின்றன. அதனால் இடக்கண்ணில் இடப்புறமும் வலக்கண்ணில் வலப்புறமும் மறையத் தொடங்கும். நேர்ப்பார்வை தெளிவாகவே இருப்பதால் பலர் நெடுநாள் கவனிப்பதில்லை. நிலைப்படியில் தோள் இடிக்கிறது, பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்றால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

● இந்தக் கட்டியை மூக்கு வழியாகவே எடுக்கலாம். 1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் அந்த வழியைத் திறந்தார்.

● சரி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்புமா? இதற்கு விடை தேட உதவுவது ஓ.சி.டி. என்ற கண் ஸ்கேன். 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் இதை உலகுக்கு அறிவித்தனர். ஊசி இல்லை, கதிர்வீச்சு ஆபத்து இல்லை. தாடையை வைத்துச் சில நொடிகள் பார்த்தால் போதும். விழித்திரையின் நரம்பிழை அடுக்கு எவ்வளவு தடிமன் என்று அளந்துவிடும். நலமான கண்ணில் அது சராசரியாக 100 மைக்ரான் அளவில், ஒரு தலைமுடியின் கனத்தையொட்டி இருக்கும்.

● அந்த அளவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கட்டி அழுத்தும்போது நரம்பிழை முதலில் செய்தி கடத்துவதைத்தான் நிறுத்துகிறது; உயிரோடுதான் இருக்கிறது. அழுத்தம் நீடித்தால் சேதம் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து கண்ணை எட்டுகிறது. அங்கே நரம்புச் செல்கள் மடிய, அடுக்கு மெலிகிறது. மடிந்த செல் மீண்டும் முளைக்காது. ஆகவே இருவருக்கு ஒரே அளவு பார்வை போயிருந்தாலும், அடுக்கு தடிமனாக உள்ளவருக்கே மீளும் வாய்ப்பு அதிகம். நியூசிலாந்தின் ஹெலன் டேனெஷ்-மேயர் குழு 2008-இல் இதை ஆய்வாக வெளியிட்டது.

● அடுக்கு மெலிந்தவர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அவர்களிலும் சிலருக்குப் பார்வை ஓரளவு மேம்படுகிறது. மிஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பாற்றவும் அழுத்தத்தை நீக்கியே ஆக வேண்டும். ஸ்கேன் எண்ணை மட்டும் காட்டி ஒருவருக்குச் சிகிச்சையை மறுப்பது தவறு.

● மீட்சி சிலருக்கு ஓரிரு நாளிலேயே தெரியும். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்ல வரும்.

● எல்லாப் பிட்யூட்டரி கட்டிக்கும் கத்தி தேவையில்லை! புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.