பிபிசி மைக்ரோ நெகிழ்வட்டுகளை எமுலேட்டருக்கு மாற்றுதல்

வீட்டிலும் பள்ளியிலும் 1980களில் பயன்பட்ட சிறு கணினிகளின் நிரல்கள், ஃபிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுகளில் சேமிக்கப்பட்டன. அவ்வட்டில் உள்ளவை அனைத்தையும் ஒரே கோப்பாகப் பெயர்த்தெடுத்து, இன்றைய கணினியில் எமுலேட்டர் வழியே இயங்கச் செய்வது வட்டுப் படிமமாக்கம் ஆகும். எமுலேட்டர் என்பது பழைய கணினியின் செயலி, நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரல். படிமக் கோப்பைக் கொடுத்தால், தன் வட்டியக்கியில் உண்மையான வட்டு செருகப்பட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். இந்தியப் பள்ளிகளைப் பொறுத்தவரை இவ்வாறு காக்க வேண்டியவற்றில் முதலில் நிற்பது பிபிசி மைக்ரோ கணினியின் வட்டுகள்.

இந்தியப் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ

பிபிசி மைக்ரோ, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி. 2 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 6502 செயலியும், பி மாதிரியில் 32 கிலோபைட் நினைவகமும் கொண்டது. கைப்பேசியில் இன்று எடுக்கும் ஒரே ஒரு படம் இதைப்போல் நூறு மடங்கு இடம் கேட்கும். 1984-85இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து கிளாஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கின. பள்ளிகளில் கணினி எழுத்தறிவும் கணினிக் கல்வியும் என்பது அப்பெயரின் விரிவு. முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வழங்கப்பட்டது. பின்னர் திட்டம் விரிந்தது. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதே கணினியை எஸ்.சி.எல். யூனிகார்ன் என்ற பெயரிலும், ஹோப் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் டால்ஃபின் என்ற பெயரிலும் இந்தியாவில் செய்தன.

எட்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஐபிஎம் வகைக் கணினிகள் பள்ளிகளுக்கு வந்தன. பிபிசி மைக்ரோ பெட்டிகள் இருப்புப் பதிவேட்டில் மட்டும் இருந்து, பிறகு கழிவுப் பொருளாக ஏலம் போயின. பிரிட்டனிலிருந்து வந்த கல்வி நிரல்களைப் பற்றிக் கவலை இல்லை. அவை அங்கே பலரிடம் படிகளாக உள்ளன, படிமங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. இங்கே ஓர் ஆசிரியரோ மாணவரோ பேசிக் மொழியில் எழுதிய கணக்குப் பயிற்சிக்கும் தமிழ் எழுத்துப் பயிற்சிக்கும் வேறு படியே இருக்காது. அலமாரியில் கிடக்கும் அந்த ஒரு வட்டு போனால் போனதுதான்.

சாதாரணக் கணினி ஏன் படிப்பதில்லை

கடையில் கிடைக்கும் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இதற்கு உதவாது. அது 3½ அங்குல வட்டுக்கு உரியது. பள்ளிகளில் இருந்தவையோ பெரும்பாலும் 5¼ அங்குலம். அளவு பொருந்தினாலும் எழுதிய முறை பொருந்தாது. ஐபிஎம் வகைக் கணினியின் 360 கிலோபைட் வட்டில் ஒரு தடத்துக்கு 512 பைட் கொண்ட 9 செக்டர்கள் இருக்கும். ஏகார்னின் டிஎஃப்எஸ் முறையில் ஒரு தடத்துக்கு 256 பைட் கொண்ட 10 செக்டர்கள். அதோடு, டிஎஃப்எஸ் ஒற்றை அடர்த்தி முறையில் எழுதுகிறது. இதில் ஒவ்வொரு தரவு பிட்டுக்கும் முன்னால் ஒரு நேரத் துடிப்பு பதிவாகும். ஐபிஎம் வகைக் கணினிகளின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் பலவற்றுக்கு இம்முறை தெரியாது. வட்டு நல்ல நிலையில் இருந்தாலும் அவை பிழை என்றே சொல்லும்.

இதற்கு இரு வழிகள் உண்டு. ஓடும் நிலையில் ஒரு பிபிசி மைக்ரோ கிடைத்தால், அதையே வட்டைப் படிக்கவைத்து அதன் தொடர்முனை வழியாக இன்றைய கணினிக்கு அனுப்பலாம். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்து 10 பிட் என்று கொண்டால், 1,02,400 பைட் உள்ள ஒரு பக்கத்துக்கு 107 நொடி ஆகும். செலவு ஒரு கம்பிதான். ஆனால் நாற்பது ஆண்டுக் கணினியின் மின்வழங்கியை நம்பி மின்னிணைப்புக் கொடுப்பது கூடாது. அதிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வெடித்துப் புகை கிளப்புவது பிபிசி மைக்ரோவில் பெயர்பெற்ற கோளாறு. முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.

மற்றொரு வழி, காந்தப் பாய மாற்றத்தை நேரடியாகப் பதிவது. கியர் ஃபிரேசர் வடிவமைத்த கிரீஸ்வீசில் என்னும் சிறு மின்சுற்றுப் பலகை ஒரு பக்கம் பழைய டிரைவுடனும் மறுபக்கம் யூஎஸ்பி வழியே கணினியுடனும் இணையும். வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அது முதலில் பார்ப்பதில்லை. வாசிப்புத் தலைக்குக் கீழே காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து அனுப்புகிறது. அந்த நேரங்களிலிருந்து பிட், பைட், செக்டர் என்று கட்டியெழுப்புவது கணினியிலுள்ள மென்பொருளின் வேலை. எனவே ஒற்றை அடர்த்தியும் இரட்டை அடர்த்தியும் அதற்கு ஒன்றே. கிரையோஃப்ளக்ஸ், சூப்பர்கார்டு புரோ ஆகியவையும் இவ்வகையே. நகலெடுப்பதைத் தடுக்கத் தடங்களை வேண்டுமென்றே கோணலாக எழுதிய வணிக வட்டுகளுக்கு இம்முறை மட்டுமே பயன்படும்.

டிரைவ் எது என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டு 40 தடங்களில் எழுதப்பட்டு, டிரைவ் 80 தடங்களுக்கு உரியதானால், வாசிப்புத் தலை ஒவ்வொரு முறையும் இரண்டு படி நகர வேண்டும். மென்பொருளில் அதைத் தெரிவித்துவிடலாம். அத்தகைய டிரைவில் 40 தட வட்டைப் படிக்கலாம், எழுதக் கூடாது. அதன் தலை குறுகியது. பழைய தடத்தின் ஓரம் அழியாமல் நின்று புதியதோடு கலக்கும்.

வட்டைத் தொடும் முன்

5¼ அங்குல வட்டின் ஓரத்தில் சிறு வெட்டு இருக்கும். அதை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது. 3½ அங்குல வட்டில் இது நேர்மாறு: துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு. எந்த வட்டானாலும் முதல் வேலை எழுத்தைத் தடுப்பது.

அடுத்து, உறையின் நீள்துளை வழியே வட்டின் பரப்பைப் பார்க்க வேண்டும். வால்பாறை போன்ற மழைப் பகுதிகளில் இருந்த வட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கக்கூடும். எங்கள் தாராபுரம் மழைமறைவு நாடு. இங்கே புழுதிதான் எதிரி. இரண்டும் வாசிப்புத் தலையில் ஒட்டி அடுத்த வட்டைக் கீறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் வட்டையும், ஒவ்வொரு வட்டுக்குப் பின்னும் தலையையும் துடைத்தல் நலம். தலையில் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் வட்டின் காந்தப் பூச்சு உதிர்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது உள்ளதையும் கெடுக்கும்.

படிமம் சரியா என்று பார்த்தல்

ஒரு பக்க வட்டின் படிமம் எஸ்எஸ்டி எனப்படும். இதில் தலைப்பு, விளக்கம் என்று எதுவும் கிடையாது; செக்டர்கள் வரிசையாக நிற்கும், அவ்வளவே. 40 தடம் × 10 செக்டர் × 256 பைட் = 1,02,400 பைட். 80 தடமானால் 2,04,800. கோப்பு இதைவிடச் சிறியதாக இருந்தால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கடைசி நிரலுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தை வெட்டிச் சேமிப்பதும் வழக்கம்.

முதல் இரண்டு செக்டர்களில் வட்டின் பட்டியல் இருக்கிறது. அதிகபட்சம் 31 கோப்புகள்; ஒவ்வொன்றின் பெயருக்கும் 7 எழுத்து. பைட்களை எண்ணாகக் காட்டும் மென்பொருள் ஒன்றில் படிமத்தைத் திறந்து, 0 முதல் எண்ணிக்கொண்டு போனால், 261ஆம் பைட்டில் கோப்புகளின் எண்ணிக்கையின் 8 மடங்கு இருக்கும். 96 என்றால் 12 கோப்புகள். 262, 263ஆம் பைட்கள் மொத்தச் செக்டர்களைச் சொல்லும். 262இல் 51, 263இல் 32 இருப்பதாகக் கொள்வோம். 51 = 48 + 3. இதில் 48 என்பது வட்டு தானாகத் தொடங்கும் முறையைக் குறிக்கிறது, அதை விட்டுவிடலாம். 3 × 256 + 32 = 800 செக்டர், ஆக 80 தட வட்டு. 40 தட வட்டானால் 1 × 256 + 144 = 400 வரும். இக்கணக்கு படிமத்தின் அளவோடு ஒத்துவந்தால் பட்டியல் சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

இரு பக்க வட்டுகளில் பலர் சறுக்குவதுண்டு. இதன் படிமம் டிஎஸ்டி. இரண்டு எஸ்எஸ்டி கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் டிஎஸ்டி ஆகாது. முதல் பக்கத்தின் முதல் தடம் 2,560 பைட், பிறகு இரண்டாம் பக்கத்தின் முதல் தடம் 2,560 பைட், அடுத்து இரண்டாம் தடங்கள் என்று மாறிமாறிக் கோக்க வேண்டும். சும்மா ஒட்டிய கோப்பில் பட்டியல் அழகாகத் தெரியும். நிரலை ஏற்றினால்தான் குப்பை வரும்.

படிமம் கைக்கு வந்தபின் மீதி எளிது. பீப்எம் என்னும் எமுலேட்டரிலோ, உலாவியிலேயே ஓடும் ஜேஎஸ்பீப்பிலோ அதைத் திறந்து, பிபிசியின் பிரேக் விசைக்குப் பதிலாக எஃப்12ஐ ஷிஃப்டுடன் அழுத்தினால், தானே தொடங்கும் வட்டு ஓடத் தொடங்கும்.

தமிழ் நிரல்களுக்கு ஒரு எச்சரிக்கை

நிரல் வரிகளை மட்டும் உரைக்கோப்பாக எடுத்தால் போதாதா என்று கேட்பதுண்டு. போதாது. பேசிக் கட்டளைகள் வட்டில் சொற்களாக இல்லை. பிரிண்ட் என்னும் கட்டளை 241 என்ற ஒரே பைட். அதையாவது பெயர்த்துவிடலாம். தமிழ் எழுத்தின் கதை வேறு. பிபிசி மைக்ரோவில் தமிழ் கிடையாது. விடியூ 23 என்ற கட்டளையால் 8க்கு 8 கட்டத்தில் எழுத்தை நாமே வரைய வேண்டும். விடியூ 23,224,0,66,66,66,66,66,126,0 என்று கொடுத்தால் 224ஆம் குறி ப ஆகிவிடும். 66 = 64 + 2, அதாவது இடக்கால், வலக்கால்; 126 அடிக்கோடு. 66 வரும் இடத்தில் எல்லாம் 64 போட்டால் வலக்கால் நீங்கி ட கிடைக்கும். ணை போன்ற அகல எழுத்துக்கு இரண்டு கட்டமாவது தேவை.

இயல்பு நிலையில் இவ்வாறு வரையத்தக்கவை 32 குறிகள் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் கூடுதல் நினைவகம் ஒதுக்கி, நிரல் ஏறும் இடத்தை மேலே தள்ள வேண்டும். இதை ஒரு சிறு நிரல் செய்துவிட்டு, முதன்மை நிரலை அழைக்கும். முதன்மை நிரலை மட்டும் எடுத்து வைத்தால் தமிழ் வராது. உரையாக எடுத்தாலோ, 224 முதலான குறிகள் இன்றைய கணினியில் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். எந்தக் குறி எந்த எழுத்து என்பதைச் சொல்ல ஆளிருக்காது. முழு வட்டும் ஒரே படிமமாக இருப்பது இதனால்தான் கட்டாயம்.

பொதுவில் வைக்கும் முன்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரலின் படியை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான காப்பாக நகலெடுக்க இடமளிக்கிறது. இணையத்தில் வெளியிடும் உரிமையை அது தரவில்லை. எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்டுவிடுவதே முறை. பெரும்பாலும் மகிழ்ந்து ஒப்புவார்கள்.

பள்ளி வட்டுகளில் மதிப்பெண் பட்டியலும் மாணவர் முகவரியும் இருக்கக்கூடும். டிஎஃப்எஸ் முறையில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் நீங்கும். உள்ளடக்கம் வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை செக்டரில் அப்படியே கிடக்கும். அழிந்ததாக எண்ணிய நிரலை மீட்க இது வழி. அழித்துவிட்டதாக எண்ணிய மதிப்பெண் பட்டியல் வெளியே போகவும் இதுவே வழி. ஆகவே மூலப் படிமத்தைத் தொடாமல் வீட்டில் வைத்துக்கொண்டு, வெளியிடும் படியில் மட்டும் அத்தகைய செக்டர்களைச் சுழியால் நிரப்பிவிட வேண்டும். நிரப்பியதையும் படிமத்தோடு வைக்கும் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.