விற்பனையிலிருந்து மருத்துவ விவகாரப் பிரிவுக்கு

மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் சிலர், அந்நிறுவனங்களின் மருத்துவ விவகாரப் பிரிவுக்கு மாற விழைகின்றனர். இரு பணிகளிலும் சந்திப்பது மருத்துவரையே. ஆயினும் நோக்கம் வேறு. பிரதிநிதியின் உழைப்பு விற்பனை இலக்கைக் கொண்டு அளவிடப்படுகிறது. மருத்துவ விவகாரப் பிரிவினரோ ஆய்வு முடிவுகளை விளக்கி, மருத்துவரின் ஐயங்களுக்குச் சான்றுடன் விடையளிக்கின்றனர். இப்பணி விற்பனை இலக்குடன் பிணைக்கப்படலாகாது என்பதே அடிப்படை நெறி.

மருந்துகளின் பக்க விளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதன் ஒருங்கிணைப்பு மையமாக விளங்குகிறது. மத்திய அரசு 2024இல் வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை நெறி, மருத்துவர்களுக்குப் பரிசளிப்பதைத் தடுக்கிறது. சலுகையின் இடத்தைச் சான்று பெற வேண்டும் என்பதே இவற்றின் உட்கருத்து எனலாம்.

இம்மாற்றத்திற்குக் கல்வித் தகுதியே முதல் தடை. மருத்துவப் பட்டம், 2008ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த ஆறாண்டு ஃபார்ம்.டி. பட்டம், முனைவர் பட்டம் ஆகியவற்றையே நிறுவனங்கள் பெரிதும் நாடுகின்றன. மற்றவர்கள் மேற்படிப்புடன், புள்ளியியலையும் ஆய்வுக் கட்டுரைகளைச் சீர்தூக்கும் முறையையும் பயிலுதல் நன்று. கள அனுபவம் துணை நிற்கும். எனினும், தம் நிறுவன மருந்தின் குறையையும் மறைக்காது கூறும் நேர்மையே இப்பணிக்கு இன்றியமையாதது. ஏனெனில் அதன் பயனை இறுதியில் அடைபவர் நோயாளியே.