வைஸ் யார், டெபுடி யார்?

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி ஊராட்சி ஒன்றியத்தில் பிடிஓ, டெபுடி பிடிஓ, சேர்மன், வைஸ் சேர்மன் எல்லாமே தமிழ்ச் சொற்கள்போலப் புழங்குகின்றன. முதல் இருவரும் அரசு நியமித்த அலுவலர்கள். பின்னிருவர் ஓட்டு வழி வந்தவர்கள். அதிலும் ஒன்றியத்தில் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலரை மட்டுமே. சேர்மனும் வைஸும் கவுன்சிலர்களின் தேர்வு. கிராம ஊராட்சியிலோ பிரசிடெண்ட்டுக்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள். வைஸ் பிரசிடெண்ட்டை வார்டு மெம்பர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே வைஸைத் தலைவரின் கையாளாக நினைப்பது தவறு. தலைவர் அவரை நியமிக்கவில்லை, நினைத்தபடி நீக்கவும் முடியாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சிக் காசோலையில் தலைவர், வைஸ் இருவர் கையெழுத்தும் வேண்டும். வைஸ் பேனாவை மூடிவிட்டால் தெருவிளக்குக்கு பல்பு வாங்கிய பில்கூட நிற்கும்.

வைஸ் என்றால் தேர்தல், டெபுடி என்றால் நியமனம் என்று விதி போட்டுவிடலாமே எனத் தோன்றும். நிற்காது. சட்டமன்ற டெபுடி ஸ்பீக்கரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், டெபுடி சி.எம். என்ற பதவி அரசியலமைப்பில் இல்லவே இல்லை. பல்கலைக்கழக வைஸ் சான்சலர் நியமனத்தில் வந்தவர், நிர்வாகமோ முழுக்க அவர் தலையில். அமர்த்தியது யார், கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டால்தான் விளங்கும். யாராயிருந்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா என்பவர்கள் 2025 ஜனவரியைப் பார்க்கலாம். 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் முடிந்து, ராமநாதபுரம் மாவட்ட ஊராட்சிகள் தனி அலுவலர்கள் வசம் போயின. பில் பாஸாகும்தான்; ஆனால் வார்டு மெம்பரும் இல்லாமல் போனதால், குழாயில் தண்ணீர் வராததற்கும் அலுவலகப் படியேறித்தான் கேட்கவேண்டியதாயிற்று.