28 நாளில் ஒரு மாசம்... முடியவே முடியாத ரீல்ஸ்! - வேங்கிக்கால் வீடுகளின் பட்ஜெட் கலாட்டா

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால், மனுவும் கையுமாக மக்கள் வந்து இறங்குவார்கள். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை என்று எல்லாவற்றுக்கும் அங்கே மனு கொடுக்கலாம். 'ஒண்ணாந்தேதி வந்த சம்பளம் இருபதாந்தேதிக்குள்ள எங்க போச்சுன்னே தெரியலை, கண்டுபிடிச்சுக் குடுங்க' என்று ஒரு மனு கொடுக்கத்தான் வழியில்லை.

அப்படியே கொடுத்தாலும் விசாரணை வெகுதூரம் போகாது. மனு எழுதிய கையில் பேனா இருந்தால், இன்னொரு கையில் போன் இருக்கும். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

பதின்மூன்றாவது மாதம்

காலண்டரில் வருஷத்துக்கு 12 மாதம். பால்காரருக்கு 12 மாதம், வீட்டு வாடகைக்கு 12 மாதம், சம்பளத்துக்கும் 12 மாதம்தான். ஆனால், ரீசார்ஜுக்கு மட்டும் வருஷத்துக்கு 13 மாதம்!

எப்படி என்றால், பல பிளான்களின் ஆயுள் 28 நாள். 28-ஐ 13-ஆல் பெருக்கிப் பாருங்கள், 364 வரும். வருஷம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் பிளான் ஒன்று 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயானது. அப்பா, அம்மா, காலேஜ் போகும் பெண், பிளஸ் டூ பையன் என்று வீட்டில் நாலு போன் இருந்தால், ஒரு சுற்றுக்கு 1,196 ரூபாய். அந்தப் பதின்மூன்றாவது சுற்று, எந்தப் பட்ஜெட் நோட்டிலும் எழுதப்படாத ஒரு தீபாவளிச் செலவு.

இதைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால்தான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும்படியான பிளானும் இருக்க வேண்டும் என்றது. ஆப்பில் கொஞ்சம் கீழே இறங்கித் தேடினால் கிடைக்கும். ஆனால், டேட்டா தீர்ந்துபோன பையன் பக்கத்தில் நின்று, "அப்பா... சீக்கிரம்பா... ஆன்லைன் கிளாஸ்பா..." என்று உயிரை வாங்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

சத்தம் போடும் பெட்டி, சத்தமில்லாத பர்ஸ்

யு.பி.ஐ. 2016-ல் வந்தது. இன்று டீக்கடை முதல் பூக்கடை வரை கியூஆர் அட்டை தொங்குகிறது. பக்கத்திலேயே குட்டி ஸ்பீக்கர் பெட்டி. "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. வாங்கியவருக்கு அவ்வளவு பெரிய அறிவிப்பு. கொடுத்தவருக்கு? லேசாக ஒரு அதிர்வு, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் 500 ரூபாய் நோட்டை மாற்றவே மனசு வராது. 'மாத்திட்டா செலவாயிடும்' என்று அதைப் பர்ஸின் உள்ளறையில் மடித்து வைத்திருப்பார்கள். நோட்டைக் கொடுக்கும்போது வரும் அந்தச் சின்ன வலிதான் செலவுக்கு பிரேக். 2001-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் இதையே சோதித்துப் பார்த்தார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னபோது, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றவர்கள், ரொக்கம்தான் தர வேண்டும் என்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கேட்டார்களாம்.

பாட்டியின் கடுகு டப்பா இந்த விஷயத்தில் கில்லாடி. அதற்குள் இருந்த பணத்தை எடுக்க சமையலறைக்குப் போக வேண்டும், டப்பாவைத் திறக்க வேண்டும், பாட்டியின் கண்ணில் பட வேண்டும். இத்தனை பாதுகாப்பு எந்த ஆப்பிலும் இல்லை!

பின்னட்டை இல்லாத பத்திரிகை

"ஏங்க, கரன்ட் பில் கட்டியாச்சா?"

"இதோ, போனை எடுத்துட்டேன்."

முக்கால் மணி நேரம் கழித்து அவருக்கு ஒரு யானை குளிப்பது, கொரியாவில் கிம்ச்சி ஊறுகாய் போடுவது, நடிகர் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை வகை பாயசம் என்பது எல்லாம் தெரிந்திருக்கும். கரன்ட் பில் மட்டும் அப்படியே இருக்கும். எந்த வேலைக்காகப் போனை எடுத்தோமோ, அந்த வேலையைத் தவிர மற்றதெல்லாம் முடிந்திருக்கும்.

இது அவர் தப்பு மட்டும் இல்லை. பத்திரிகை என்றால் பின்னட்டை வந்ததும் முடிந்துவிடும். தொடர்கதை என்றால் 'தொடரும்' என்று போட்டு அடுத்த வாரம் வரை அனுப்பிவிடும். ரீல்ஸுக்கு இரண்டும் கிடையாது. திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006-ல் உருவாக்கியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் அசா ரஸ்கின். பின்னாளில் அவரே இதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். அவர் வருத்தப்பட்ட வீடியோவையும் நம்மவர்கள் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள்.

தினம் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் வருஷத்துக்கு 730 மணி நேரம். அதாவது, முழுசாக 30 நாளும் கொஞ்சமும். ரீசார்ஜ் ஒரு மாதத்தைக் கூட்டியது என்றால், ரீல்ஸ் ஒரு மாதத்தைக் கழித்துவிடுகிறது. ஊர்க் கணக்கில் சொல்வதானால், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நாலு மணி நேரத்தில் முடிப்பவர், அதே நேரத்தில் மலையை 182 முறை சுற்றிவிடலாம். இங்கே சுற்றியது கட்டைவிரல் மட்டும். கால் சோபாவிலேயே இருந்தது.

தானாகக் கூடையில் ஏறும் பொருள்

'இன்னும் 2 மட்டுமே உள்ளன!', 'ஆஃபர் முடிய 9 நிமிடம்!' என்று திரை பதறுகிறது. பதறிப்போய் வாங்கினால், மறுநாளும் அதே 9 நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்று விலகப் போனால், 'இல்லை, எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் தன்மானம் போகும், அழுத்தாவிட்டால் பணம் போகும்.

இவற்றை எல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் பட்டியல் போட்டிருக்கிறது. பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது, சந்தாவிலிருந்து வெளியே விடாமல் சுற்றவைப்பது என மொத்தம் 13 தந்திரங்கள். இவை தடைசெய்யப்பட்டவை. சிக்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

குபேரன் கேட்காத கான்டாக்ட் லிஸ்ட்

கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களில் ஏழாவது குபேரலிங்கம். கார்த்திகை மாத சிவராத்திரியில் இங்கே வழிபட்டு மலை சுற்றினால் செல்வம் சேரும் என்பது நம்பிக்கை. அந்த 'குபேர கிரிவல' வீடியோக்கள் போன் போனாகப் பரவ, கூட்டமும் அலைமோதுகிறது. பணக்கவலை யாருக்குத்தான் இல்லை? திருப்பதி பெருமாளே கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கி, இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது புராணம்.

ஆனால், குபேரன் கடன் கொடுத்தபோது பெருமாளின் கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்கவில்லை. இன்றைய சில கடன் ஆப்கள் கேட்கின்றன. 'ஐந்தே நிமிடத்தில் பணம்' என்பதை நம்பி 'அனுமதி' என்று அழுத்தினால், தவணை தப்பிய அன்று மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போகிறது. சிரித்துக் கடக்க முடியாத இடம் இதுதான். மிரட்டலும் அவமானமும் பல குடும்பங்களை உடைத்திருக்கின்றன.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். கான்டாக்ட்ஸ் கேட்கும் ஆப் என்றால், அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டும் இதே ரகம்தான். 2025 ஆகஸ்ட்டில் அதற்கு நாடாளுமன்றம் தடைச் சட்டமே கொண்டுவந்தது.

வீட்டிலேயே ஒரு குறைதீர்க்கும் நாள்

மனுவை யாரிடமும் கொண்டுபோக வேண்டாம். திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டிலேயே அரை மணி நேரம் உட்காரலாம்.

* யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். யாரும் பார்க்காத ஓடிடிக்கும், எப்போதோ ஒரு ரூபாய் சோதனைக்குச் சேர்ந்த ஆப்புக்கும் பணம் போய்க்கொண்டிருக்கலாம். அங்கேயே ரத்துசெய்யலாம்.

* டீ, காய்கறி, பூ போன்ற சில்லறைச் செலவுக்கு வாரம் ஒரு தொகையை ரொக்கமாக எடுத்து வையுங்கள். கடுகு டப்பா காலியாக இருந்தால் அதிலேயே!

* ஆன்லைன் கூடையில் போட்ட பொருளை ஒரு ராத்திரி தூங்கவிடுங்கள். காலையிலும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். முக்கால்வாசி தோன்றாது.

* ஷாப்பிங், ரீல்ஸ் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

* ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பெரும்பாலான வீடுகளில் பணம் போனதைவிட, அப்பா திட்டுவாரே என்ற பயத்தில் போன நேரம்தான் அதிக நஷ்டம்.

கூட்டம் முடிந்ததும் முதல் தீர்மானத்தை நிறைவேற்ற அப்பா போனை எடுப்பார். அந்த நேரம் பார்த்து யானை மறுபடி குளிக்க வரும். அதனால், கரன்ட் பில் கட்டி முடிக்கும் வரை அம்மா பக்கத்திலேயே இருப்பது நல்லது!