கிண்ணத்துக்குள் உயிரணு! மார்க்கும் வாங்கலாம், தின்றும் விடலாம்!

"அம்மா! நாளைக்கு ஒரு செல் கொண்டு போக வேண்டும்!"

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை இப்படிச் சொன்னால், பாட்டிக்குக் கைப்பேசி நினைவுதான் வரும். பிள்ளை கேட்பது அது அல்ல. உயிரணு! நம் உடம்பு முழுவதையும் கட்டி எழுப்பி இருக்கும் சின்னஞ்சிறு அறை. மனித உடம்பில் ஏறத்தாழ 37 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் 2013-ல் கணக்கிட்டார்கள்.

தாம்பரம் ஆனாலும் சரி, குரோம்பேட்டை ஆனாலும் சரி, பிள்ளை "மாடல்" என்றதும் பெற்றோர் கடைக்கு ஓடுகிறார்கள். தெர்மாகோல், பசை, பெயிண்ட்! மார்க்கு போட்ட மறுநாள் அது குப்பைக்குப் போகிறது. பிள்ளையின் மனதில் நின்றதா என்றால், அதுவும் இல்லை. புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து, உயிரணு என்பது தோசை மாதிரி தட்டையானது என்று பல பிள்ளைகள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு அடுப்படியிலேயே வழி இருக்கிறது.

கடற்பாசி போதும்!

மளிகைக் கடையில் கிடைக்கும் கடற்பாசி 25 கிராம் வாங்குங்கள். நோன்பு மாதத்தில் இஸ்லாமிய வீடுகளில் இனிப்புச் செய்வார்களே, அதே கடற்பாசிதான். அதைக் கழுவி, அரை மணி நேரம் ஊற வைத்து, 2 லிட்டர் தண்ணீரில் போட்டு, ஒரு இழை கூட மிஞ்சாமல் கரையும் வரை காய்ச்ச வேண்டும். ருசிக்குச் சர்க்கரை.

20 சென்டிமீட்டர் அகலம் உள்ள, ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் பாதி ஊற்றுங்கள். மீதியை அடுப்பில் இளஞ்சூட்டிலேயே வைத்திருங்கள். ஊற்றியது லேசாக உறைந்ததும் உள்ளே வைக்க வேண்டியதை வைத்து, மீதியை ஊற்றுங்கள். முதல் பாதி நன்றாக ஆறி விட்டால் இரண்டும் ஒட்டாது. அவசரமும் கூடாது, அசட்டையும் கூடாது!

இப்போது கிண்ணத்தில் இருப்பது, பாதியாக அறுத்த உயிரணு. தட்டை அல்ல, உருண்டை என்பது பார்த்ததும் தெரியும்.

பத்தாயிரம் மடங்கு!

இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. நம் உடம்பில் உள்ள நடுத்தர உயிரணு ஒன்றை 10,000 மடங்கு பெரிதாக்கினால், சரியாக இந்தக் கிண்ணம் அளவுக்கு வரும்.

பத்தாயிரம் மடங்கு என்றால் எவ்வளவு? ஐந்தடி உயரச் சிறுவன் ஒருவனை அதே அளவு பெரிதாக்கி, தண்டவாளத்தின் ஓரமாகப் படுக்க வையுங்கள். தலை தாம்பரத்தில் இருந்தால் கால் கிண்டிப் பக்கம் இருக்கும்!

அந்தக் கணக்குப்படியே பண்டங்களைப் பொறுக்க வேண்டும். உயிரணுவின் நடுநாயகம் உட்கரு. அதற்கு 6 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பூந்தி லட்டு. மேல் பாகம் உறையும் நேரத்தில் பாதி அமிழும்படி வைத்தால் போதும். முன்பே போட்டால் கரைந்து விடும்! லட்டைச் சுற்றி ஒரு பிடி இடியாப்பம். அது எண்டோபிளாச வலைப்பின்னல். உடம்புக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உலர்ந்த திராட்சை. கோல்கை உறுப்புக்குப் போளியை நறுக்கி அடுக்கலாம்.

ரைபோசோம்? அதற்கு மிகப் பொடியான ரவை! பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கியும் கால் மில்லி மீட்டர்தான் வருகிறது. புரதம் தயாரிக்கும் இந்தப் பொடி இயந்திரத்தின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

எல்லாவற்றையும் மூடி இருக்கும் செல் சவ்வு, இந்தக் கணக்கில் ஒரு தலைமயிரின் கனம்தான். அதற்காகக் கிண்ணத்தில் தலைமயிரைப் போட்டு விடாதீர்கள்! பாலாடையை ஓரத்தில் ஒட்டினால் போதும். பெயர்ச் சீட்டுகளை ஈர்க்குச்சியில் குத்தி நிறுத்தலாம்.

ரத்தச் சிவப்பணு வேண்டுமா? இன்னும் சுலபம். அதற்கு உட்கருவே கிடையாது. ஓட்டை போடாமல், இரு பக்கமும் நடுவில் குழித்துத் தட்டிய ஒரு சிறிய வடை!

சமையல் அறையில் இருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு!

"பள்ளிக்கூடப் பாடத்தில் சமையலுக்கு என்ன வேலை?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் பேனி ஹெஸ்ஸியின் கதையைக் கேட்க வேண்டும்.

1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற டாக்டர் நோய்க் கிருமிகளை ஆராய்ந்து வந்தார். அவரிடம் வேலை பார்த்தவர் வால்தர் ஹெஸ்ஸி. கிருமிகளை ஜெலட்டின் கூழில் வளர்ப்பார்கள். கோடை வந்தால் கூழ் உருகிவிடும். சில கிருமிகள் கூழையே கரைத்து விடும். ஹெஸ்ஸி திண்டாடினார்.

"நீ செய்யும் ஜெல்லி மட்டும் வெயிலில் உருகவில்லையே, எப்படி?" என்று மனைவி பேனியிடம் கேட்டார்.

"அதில் கடற்பாசி போடுகிறேன்" என்றார் பேனி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்ற பக்குவம் அது!

கடற்பாசிக் கூழ் உருக வேண்டுமானால் 85 டிகிரிச் சூடு வேண்டும். சென்னை வெயில் அதன் அருகில் கூட வர முடியாது. (குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் இந்த மாடல் உறைந்து நிற்பது இதனால்தான்.) செய்தி காக்கிடம் போயிற்று. 1882-ல் காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கடற்பாசியும் இடம் பெற்றது. ஆனால், வழி சொன்ன பெண்ணின் பெயர் அதில் இல்லை! காசும் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்றும் உலகம் எங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் கிருமிகளைக் கடற்பாசிக் கூழில்தான் வளர்க்கிறார்கள்.

காச நோய் என்றதும் தாம்பரத்துக்காரர்களுக்குச் சானடோரியம் நினைவுக்கு வரும். அந்த நோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய மருத்துவமனை அது. 1937-ல் அரசாங்கம் ஏற்றுக் கொண்டது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்து விட்டது.

இந்தியாவில் கடற்பாசிக்குப் பேர் போன இடம் ராமநாதபுரம் கடற்கரை. அங்கே பெண்கள் கடலில் மூழ்கிப் பாசியைப் பறிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மார்க்கு போட்ட அன்றே சாப்பிட்டு விட வேண்டும். மறுநாள் வைக்கக் கூடாது. லட்டில் முந்திரி இருந்தால், அது ஒத்துக் கொள்ளாத பிள்ளைகள் வகுப்பில் உண்டா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். பங்கு போடுவதை ஆசிரியரிடமே விட்டு விடலாம். ரவையை யாரும் கேட்க மாட்டார்கள். உட்கருவுக்குத்தான் சண்டை வரும்!