ஊசி தந்த தோள்!

"மூன்றே மாதம் தம்பி! ஊசி போட்டுக்கொள். உன் தோளைப் பார்த்துத் தெருவே திரும்பும்!"

ஆசை காட்டும் இந்தக் குரல் பதினாறு வயதுப் பிள்ளையின் காதில் விழுகிறது. யார் அந்தப் பிள்ளை? பாட்டன் பின்னி ஆலையிலே தறி ஓட்டியவர். தந்தை துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர். செல்வர் வீட்டுச் சிறுவனுக்குப் பங்களா உண்டு, பாங்கிலே பணம் உண்டு. வியாசர்பாடிப் பாட்டாளியின் மகனுக்கு என்ன உண்டு? எலும்பு உண்டு, தசை உண்டு, உழைக்கும் உடல் உண்டு. அந்த ஒரே சொத்தையும் அடகு வைக்கச் சொல்கிறான் ஊசி வியாபாரி! அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது, தோழர்களே.

உடற்பயிற்சி கூடாது என்றா சொல்கிறோம்? இல்லை. குத்துச்சண்டையிலே சார்பட்டா என்றும் இடியாப்ப நாயக்கர் என்றும் பரம்பரை வகுத்து மோதிய வடசென்னை இது! கால்பந்துக்கும் கேரம் பலகைக்கும் பேர்போன ஊர் வியாசர்பாடி! தண்டால் எடுத்தும் பஸ்கி போட்டும் கர்லாக்கட்டை சுழற்றியும் தேறிய தோள்கள் இங்கே ஏராளம். அந்தத் தோள் உழைப்பு தந்த தோள். இன்று விற்பனைக்கு வந்திருப்பதோ, ஊசி தந்த தோள்!

அந்த ஊசியிலே இருப்பது என்ன? ஆணின் உடலிலே தானாக ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்புநீர் ஒன்று உண்டு. மீசை அரும்புவதும் குரல் தடிப்பதும் தசை திரள்வதும் அதனால்தான். 1935-ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதை ஆய்வுக்கூடத்திலே செய்து காட்டினார்கள். அதன் வழியிலே பிறந்தவைதாம் நான்ட்ரோலோன், ஸ்டேனோசோலோல் போன்ற தசை வளர்ப்பு ஸ்டீராய்டுகள். சுரப்புக் குறைந்தவருக்கும் நோயால் உருகியவருக்கும் மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்து அது. நோயற்ற பிள்ளைக்கு அது எதற்கு?

ஒன்றை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. பெயரைக் கேட்டு மிரண்டு, எந்தத் தாயும் பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

ஊசி உடலுக்குள் செய்யும் அநியாயத்தை நம் ஊர்க் கதையைக் கொண்டே விளக்கலாம். கிடங்கிலே வெளிச்சரக்கு மலையாகக் குவிந்தால் முதலாளி என்ன செய்வான்? "இனி நம் தறி எதற்கு?" என்று கதவடைப்புச் செய்வான். மூளைக்கு அடியிலே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அதைத்தான் செய்கிறது. வெளியிலிருந்து வந்த சரக்கைக் கண்டதும், "உற்பத்தியை நிறுத்து" என்று உத்தரவு போடுகிறது. விதைகள் சுருங்குகின்றன. விந்தணு குறைகிறது. ஊசியை நிறுத்தினாலோ, வெளிச்சரக்கும் இல்லை. உள்ளூர் ஆலையும் ஓடவில்லை! சோர்வு வருகிறது, மனம் உடைகிறது, வாழ்வே வெறுத்துப்போகிறது. 1996-ல் மூடிய பின்னி ஆலை மறுபடி திறக்கவில்லை. உடலின் ஆலை பெரும்பாலோருக்கு மெல்லத் திறக்கும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளே ஆகும்.

இன்னும் உண்டு கேளுங்கள். மிஞ்சிய சரக்கின் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே பெண்மைச் சுரப்பாக மாறுகிறது. மார்பு விரிய வேண்டுமென்று ஊசி போட்டவனுக்கு, மார்பு பெண்ணுக்குப் போல் வீங்குகிறது! இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் சுவர் தடிக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் கெடுகிறது. ஒரே ஊசியை நண்பர்கள் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் கூடவே ஏறுகின்றன.

வளரும் பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு தண்டனையும் காத்திருக்கிறது. எலும்பின் நுனியிலே இளம் குருத்துப் பகுதி இருக்கும் வரைதான் உயரம் கூடும். ஊசிமருந்து அந்தக் குருத்தை முன்கூட்டியே மூடிவிடுகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காவலர் வேலைக்காக உடலைத் தயார் செய்கிறார்கள்! அந்தத் தேர்விலே ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ. வேண்டும், பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். மார்புக்காக ஊசி போட்டவன் உயரத்திலே தோற்றுத் திரும்பினால், அந்த இரண்டு அங்குலத்தை யார் தருவார்? ஊசி விற்றவன் தருவானா?

இது வடசென்னைக்கு மட்டும் வந்த நோயல்ல. கிழக்கு ஜெர்மனியிலே 1974-ல் அரசே ரகசியத் திட்டம் தீட்டி, ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. சிறுமிகளுக்கும் கொடுத்தது, "வைட்டமின்" என்று சொல்லிக் கொடுத்தது! ஹைடி கிரீகர் என்ற பெண்ணுக்குப் பதினாறு வயதிலே நீலநிற மாத்திரை தொடங்கியது. 1986-ல் அவர் குண்டு எறிதலில் ஐரோப்பிய சாம்பியன். ஆனால் உடலே அவருக்கு அந்நியமாகிப் போனது. 1997-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் என்ற ஆணானார். தன் வாழ்வின் முடிவைத் தன் கையில் விடாமல் மாத்திரை பறித்துக்கொண்டது என்பதே அவர் குறை. 2000-ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் திட்டத்தின் தலைவர்களைக் குற்றவாளிகள் என்றது. தண்டனையோ, சிறைக்குப் போகத் தேவையில்லாத தண்டனை! 1988 சியோல் ஒலிம்பிக்கிலே 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன், மூன்றே நாளில் பதக்கத்தை இழந்தார். அங்கேயும் ஸ்டேனோசோலோல்தான்!

இங்கே நிலைமை என்ன? 2023-ல் இந்திய வீரர்களிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 பிடிபட்டன. ஆயிரக்கணக்கில் சோதனை நடத்தும் நாடுகளிலே இந்த விகிதத்தில் முதலிடம் நமக்கு! இப்படியா முதலிடம் வாங்குவது? 2022-ல் இதற்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் அது போட்டிக்குப் போகும் வீரருக்கான சட்டம். வியாசர்பாடிச் சந்திலே எடை தூக்கும் பிள்ளையை எந்தச் சோதனைக்காரரும் வந்து சோதிப்பதில்லை. மருத்துவர் சீட்டின்றி இந்த மருந்தை விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சீட்டில்லாமலே சரக்கு கைமாறுகிறது.

ஆகவே காவல் நம்முடையதாக வேண்டும். கிளைத் தோழர்கள் தம் பகுதி உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போங்கள். பயிற்சி தருபவர் யார், என்ன படித்தவர், பிள்ளைகளிடம் எதை விற்கிறார் என்று கேளுங்கள். மாநகராட்சிக் கூடங்களுக்குத் தகுதியுள்ள பயிற்சியாளரைக் கேட்டு மனு கொடுங்கள். படிப்பகத்திலே மருத்துவரை அழைத்து ஒரு மாலை பேச வையுங்கள்.

பெற்றோரே! மகன் திடீரெனப் பருத்தால் பெருமைப்படுமுன் முகத்தைப் பாருங்கள். முகத்திலும் முதுகிலும் பருக்கள், காரணமில்லாக் கோபம், பூட்டிய பெட்டி இவை இருந்தால் அடிக்காதீர்கள், அன்பாய்க் கேளுங்கள். ஊசிக்குப் பழகிவிட்டானா? ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தம்பி! ஒரு முட்டையிலே 6 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையிலே, சுண்டலிலே, காசிமேட்டு மீனிலே, மாட்டுக்கறியிலே இருக்கிறது. ஊசிக்குக் கொட்டும் காசில் அவற்றை வாங்கி உண். நன்றாக உறங்கு. மூன்று மாதத்தில் வராத தோள் மூன்று ஆண்டில் வரட்டும். அது யாரும் பறிக்க முடியாத தோள். நாளை உன் குடும்பத்தைத் தாங்கப்போவது அந்தத் தோள்தான். அதை அடகு வைக்காதே!